கவிதைக்கு ஓட்டுக் கேட்ட வீடு

என் கணவர் கவிஞரானது இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு. தினமும் காலையில் நடக்க வேண்டும் என்றார் டாக்டர். நடந்தார். நடந்துவிட்டு வந்து, வேர்வை காய்வதற்குள், தெரிந்தவர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவார். முதலில் ரோஜாப்பூப் படம் மட்டும். பிறகு ரோஜாப்பூவுக்குக் கீழே சொந்தமாக இரண்டு வரி. பருத்தி நூல் ஏஜென்ட் "சூப்பர் சார்" என்று பதில் போட்டார். துணிக்குச் சாயம் போடுகிற டையிங்காரர் கைதட்டுகிற படம் போட்டார். இரண்டு பேருக்கும் எங்கள் கம்பெனியிலிருந்துதான் வேலை போய்க்கொண்டிருந்தது. அதை நான் எடுத்துச் சொன்னபோது, "உனக்கு எதுலயும் ஒரு குத்தங் கண்டுபுடிக்கோணும் அம்மிணி" என்றார்.

எங்களுடையது டி-ஷர்ட் தைத்து உள்நாட்டுக் கடைகளுக்கு அனுப்புகிற கம்பெனி. பிரிண்டிங்கும் நாங்களே. பட்டன், லேபிள், பாலிபேக் எல்லாம் வைத்திருக்கிற அறை என் பொறுப்பு. அந்த அறையில் உட்கார்ந்துதான் நான் புத்தகம் படிப்பது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து படிக்கிறேன். அதை யாரும் தடுத்ததில்லை, யாரும் கவனித்ததும் இல்லை. கையில் கவிதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தால், "சும்மாதான இருக்கற, சித்தே இதப் பாரு" என்று ஒரு வேலையைக் கொண்டுவந்து வைப்பார்கள்.

இரண்டு வரிகள் பெருகிப் புத்தகமாயின. அச்சடித்த செலவு எங்களுடையது. வெளியீட்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வந்திருந்தவர்கள் சாப்பாட்டைப் பற்றி ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். புத்தகத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் மட்டும் அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். "நூலே, நீ பருத்தியின் தவம், நான் உன் தவப்புதல்வன்" என்று ஒரு கவிதை தொடங்கியது. மற்றவையும் அந்த ஜாதிதான். நிலாவை விளித்து ஏழெட்டு, தாயை விளித்து ஏழெட்டு, தமிழை விளித்து மீதி. கடைசிப் பக்கத்தை விட்டால் ஒன்றிலும் அவர் இல்லை. காலையில் இட்லி ஆறிப்போனதென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற, ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைக்கும்போது கண் கலங்குகிற மனிதர் அந்தப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது. அவர் என்னிடம் கருத்துக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஓர் இலக்கிய அமைப்பு வாசகர் விருது அறிவித்தது. நடுவர்கள் கிடையாது, வாசகர்களே தேர்ந்தெடுக்கப் போகிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். கவிதைக்கான இறுதிப் பட்டியலில் ஐந்து புத்தகங்கள் இருந்தன. அதில் என் கணவருடையதும் ஒன்று. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. விழா மலரின் பின் அட்டை விளம்பரம் எங்கள் கம்பெனியுடையது என்பது மட்டும் தெரியும்.

ஓட்டுப் போடும் முறை இதுதான். இணையதளத்துக்குப் போய்ப் பிடித்த புத்தகத்தைத் தொட வேண்டும். போன் நம்பரைக் கொடுத்தால் ஓடிபி வரும். அதைப் போட்டால் ஓட்டு விழுந்துவிடும். ஒரு போனுக்கு ஒரு ஓட்டு. புத்தகத்தைப் படித்தீர்களா என்று அந்தத் தளம் எங்கேயும் கேட்கவில்லை. ஆகவே விருதை முடிவு செய்யப் போவது வாசகர்கள் இல்லை, போன்கள். என் கணவர் இதைப் பட்டியல் வந்த அன்றைக்கே புரிந்துகொண்டார். வியாபாரி அல்லவா?

எங்கள் மேனேஜர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எந்த வேலையையும் முடியாது என்று சொன்னதில்லை. அவரை அழைத்து, "நம்ம கம்பெனி போன் அத்தனையும் விழுந்தாகோணும்" என்றார் இவர்.

"அதெல்லாம் முடிச்சிரலாம் சார். டீ டைம்ல வச்சிக்கிடுவோம்" என்றார் மேனேஜர்.

மறுநாள் டீ நேரத்தில், தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிள் ஓட்டுச்சாவடியானது. எல்லாரும் வரிசையில் நின்று போனை நீட்டினார்கள். மேனேஜரே நம்பரைப் போட்டு, மேனேஜரே ஓடிபியைப் பார்த்து, மேனேஜரே ஓட்டையும் போட்டு, போனைத் திருப்பிக் கொடுத்தார். ஒடிசாவிலிருந்து வந்து எங்களிடம் வேலை செய்கிற பெண் ஒருத்தி என்னிடம் வந்து, "மேடம், இது கவர்மென்ட் ஸ்கீம்? பைசா வரும்?" என்று கேட்டாள். இல்லை, இது கவிதைக்கு என்றேன். அவளுக்குக் கவிதை என்ற சொல் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லிப் பார்த்தேன். புரிந்ததும் சிரித்துவிட்டு, "சார் லிக்தா ஹை?" என்று கேட்டாள், சார் எழுதுவாரா என்று. அவள் குரலில் இருந்த ஆச்சரியம் எனக்குப் பிடித்திருந்தது. அந்த விருதில் என் கணவர் பெற்ற ஒரே நேர்மையான விமர்சனம் அதுதான்.

என் மாமியாருடைய பட்டன் போனையும் விடவில்லை. "எதுக்கு சாமி இது, பஞ்சாயத்து எலெக்‌ஷனா?" என்று கேட்டார் அவர்.

"அவார்டும்மா. உங்க பையனுக்கு" என்றார் போனை வாங்கிய மேனேஜர்.

"கெடைக்கட்டும், கெடைக்கட்டும். யாரு எதுத்து நிக்கறாங்க?"

எதிர்த்து நின்றவர்கள் யாரென்று அந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் அக்கறையில்லை. நான் மற்ற நான்கு புத்தகங்களையும் தபாலில் வரவழைத்தேன். இரண்டு என் கணவருடையதைப் போலவே இருந்தன, நிலா மட்டும் கொஞ்சம் குறைவு. மூன்றாவதில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரிதான், மீதியெல்லாம் வெள்ளைத்தாள். எழுதியவன் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிற பையன், இன்ஸ்டாகிராமில் பிரபலம் என்று பின்னட்டை சொன்னது. நான்காவது, அவிநாசிபாளையத்துப் பக்கம் மின்சார அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிற பெண் எழுதியது.

அந்த நான்காவது புத்தகத்தை லேபிள் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் படித்தேன். மழை ஓய்ந்த பிறகு கரண்ட் எப்போது வரும் என்று போனில் கத்துகிறவர்களைப் பற்றி ஒரு கவிதை. கத்துகிறவர்களின் வீட்டில் கேட்கிற குழந்தை அழுகை, மிக்ஸியில் பாதி அரைபட்ட சட்னி எல்லாம் அதில் வந்தன. இன்னொன்றில், இறந்துபோன அம்மாவின் பேரில் இருக்கும் மின் இணைப்பைத் தன் பேருக்கு மாற்ற ஒரு மகள் வருகிறாள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டியவளும் அவளேதான். அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பாலிபேக் இறக்க வந்த ஆள் வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டானாம்.

என் ஓட்டு யாருக்கு என்பதில் அப்புறம் குழப்பமே இல்லை. போட்டேன். வீட்டில் யாரும் என் போனைக் கேட்கவுமில்லை. மனைவியின் ஓட்டு ஏற்கனவே பெட்டியில் விழுந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது எல்லா வேட்பாளர்களுக்கும் உள்ள வழக்கம்தான்.

இதற்கிடையில் பொங்கலூரில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்தது. நூற்றுக்கணக்கான போன்கள் ஒரே இடத்தில் கூடுகிற வாய்ப்பை விடுவாரா? ஸ்கேன் பண்ணினால் நேராக ஓட்டுப் போடும் பக்கத்துக்கே போகிற கருப்புக் கட்டத்தை டி-ஷர்ட்டில் பெரிதாக அச்சடிக்கச் சொன்னார். மேலே அவருடைய படம், கீழே "உங்கள் கவிஞர்". யாருடைய கவிஞர் என்று நான் கேட்டேன். மேனேஜர் முதல் சட்டையை டேபிளில் விரித்துப் போனைக் காட்டினார். உடனே பக்கம் திறந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

கல்யாண மண்டபத்து வாசலில், சந்தனக் கும்பாவுக்குப் பக்கத்தில், எங்கள் பங்காளிகள் நான்கைந்து பேர் அந்தச் சட்டையோடு நின்றார்கள். எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். பின்னல் துணி இழுத்தால் இழுபடும். அது திருப்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், என் கணவருக்கு மட்டும் அன்றைக்கு மறந்துபோனது. கட்டங்கள் எல்லாம் தொப்பையின் மேல் அகன்று, வளைந்து, பூசணிக்காயில் வரைந்த கோலம்போல ஆகிவிட்டன. வந்தவர்கள் போனைக் கிட்டே கொண்டுபோனார்கள், தூரத்தில் பிடித்தார்கள், குனிந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

மேனேஜர் ஓடி வந்தார். "சார், வயித்துல ஸ்கேன் ஆவ மாட்டேங்கு. மூச்ச உள்ள இழுத்துக்கிட்டு நிக்கச் சொல்லுவமா?"

சொன்னார்கள். ஃபைனான்ஸ் நடத்துகிற பெரிய பங்காளி ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்தது. இரண்டு பேர் சட்டையின் ஓரங்களைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். ஓர் ஓட்டு விழுந்தது. அடுத்தவர் வருவதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. கடைசியில் அவர் பொறுமையிழந்து, "இந்தாங்கப்பா, நீங்களே வெச்சுக்குங்க" என்று சட்டையைக் கழற்றிப் பந்தி மேஜையில், வாழையிலைக்குப் பக்கத்தில், விரித்துவிட்டு வெறும் பனியனோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அங்கே கொஞ்சம் ஓட்டு விழுந்தது, ரசம் சிந்துகிற வரைக்கும்.

நான் தாலி கட்டுவதைப் பார்க்கப் போய்விட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை. அதோடு, உண்மையைச் சொன்னால், வெட்கமாகவும் இருந்தது. கவிதை என்ற சொல்லை அத்தனை பேர் முன்னால் அப்படி உரித்துப் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வெட்கத்தில்தான் அடுத்த நாள் அந்த மின்சார அலுவலகப் பெண்ணுக்கு போன் செய்தேன். நம்பர் அவள் புத்தகத்திலேயே இருந்தது. இத்தனை கூத்துக்கும் நடுவில் நிஜமாகவே ஒருத்தி படித்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

"வணக்கமுங்க. உங்க கவிதையெல்லாம் படிச்சனுங்க. நெம்ப நல்லா இருந்துதுங்க. என்ற ஓட்டு உங்களுக்குத்தானுங்க."

"சந்தோசமுங்க. யாருங்க பேசறது?"

இன்னாருடைய மனைவி என்றேன்.

"அவரு பேசச் சொன்னாருங்களா?"

"இல்லீங்க. அவருக்குத் தெரியாதுங்க." அம்மாவின் மின் இணைப்பைப் பற்றிய கவிதையைச் சொன்னேன். மகள் பேனாவை மூடுகிற இடத்தைச் சொன்னேன். அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். சொல்லி முடித்ததும், "அக்கா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?" என்றாள்.

"கேளு கண்ணு."

"உங்க கம்பெனில லேடீஸ் எத்தன பேருங்க வேல செய்யறாங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. வேலைச் சூழலைப் பற்றி எழுதப் போகிறாளோ என்றுகூட நினைத்தேன்.

"அவிங்கெல்லாம் ஓட்டுப் போட்டுட்டாங்களாங்க்கா?"

"போட்டுட்டாங்க. டீ டைம்லயே முடிஞ்சுது."

"ஓ." குரலில் ஏமாற்றம் நன்றாகவே தெரிந்தது. "உங்க ஊட்டுல வேற போன் எதாச்சும் சும்மா கெடக்குதுங்களா? பழைய சிம் இருந்தாக்கூடப் போதுமுங்க. இன்னும் ரெண்டு நாள் டைம் இருக்குது."

இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பட்டன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்து, அதே கவிதையைப் பிரித்தேன். அது கெட்டுப்போயிருக்கும் என்று எதிர்பார்த்தேன். கெடவில்லை. முதல் தடவை இருந்தது மாதிரியே நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். அப்படியொரு கவிதையை எழுதத் தெரிந்தவளுக்கு அதை ஒருத்தி படித்தாள் என்பது போதவில்லை. பழைய சிம் வேண்டியிருக்கிறது.

விருது விழாவுக்கு என் கணவர் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டார். இரண்டு வேனில் ஆட்களை ஏற்றி வந்திருந்தார் மேனேஜர். அந்தப் பெண்ணும் தன் அலுவலகக் கூட்டத்தோடு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் தெரியாததால் பார்த்துச் சிரிக்கவில்லை. அமைப்பின் தலைவர் வாசகர்களின் தீர்ப்பே மகேசன் தீர்ப்பு என்று நீளமாகப் பேசினார். பேசிவிட்டு உறையைப் பிரித்தார். கவிதைக்கான விருது, ஒரு பக்கத்துக்கு ஒரு வரி எழுதிய அந்தக் கல்லூரிப் பையனுக்கு.

பையன் வரவில்லை. திரையில் வீடியோ போட்டார்கள். காரில் உட்கார்ந்தபடியே, "மக்களே, உங்க லவ்வுக்கு நன்றி" என்றான். பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அவனைப் பின்தொடர்கிறவர்களின் முன்னால் எங்கள் செக்கிங் டேபிளும் கல்யாண மண்டபமும் மின்சார அலுவலகமும் எம்மாத்திரம்? என் கணவர் கைதட்டினார். தட்டுகிற கை அவருடையது மாதிரியே இல்லை. இரண்டாவது வரிசையில் அந்தப் பெண் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது காரில் இவர்தான் ஆரம்பித்தார். "ஓட்டுப் போட்டவனுக ஒருத்தனாச்சும் அந்தப் பையன் புஸ்தகத்தப் படிச்சிருப்பானா? படிக்காமயே போட்டுப்போட்டானுக. இதெல்லாம் ஒரு விருதா?"

முன் சீட்டிலிருந்த மேனேஜர், "படிக்கதுக்கு அதுல என்ன சார் இருக்கு?" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறேன் என்று நினைத்துவிட்டார் இவர். "உடு அம்மிணி, போகுது" என்று ஆறுதல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எவன் கவுத்தாலும் நம்ம ஊட்டு ஓட்டு மட்டும் முழுசா உளுந்துதல்ல, அது போதும்" என்றார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் காரில் கிடைத்த அந்த ஆறுதல் எனக்குச் செரிக்கவில்லை.

"இல்லீங்க" என்றேன்.

"என்ன இல்ல?"

"என்ற ஓட்டு உங்களுக்கு இல்லீங்க. அந்த ஈபி ஆபீஸ் பொண்ணுக்குங்க."

சட்டை பாதி கையில் நின்றது. "என்ற புஸ்தகத்த நீ படிச்சியா?"

"மொத ஆளாப் படிச்சனுங்க. அதனாலதான்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்தார். மொத்தச் சரக்கும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தபோதுகூட நான் பார்க்காத முகம். "அப்ப முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?"

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க. நீங்க எல்லார்கிட்டயும் ஓட்டுத்தான கேட்டீங்க."

அவர் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணுமே தேறுலியா?" என்று கேட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. நெஞ்சு கொஞ்சம் இளகியது என்பதை மறைக்க மாட்டேன். பொய் சொல்லுமளவுக்கு இளகவில்லை.

"கடைசிப் பக்கத்துல ஒண்ணு இருக்குதல்லங்க, ஆஸ்பத்திரியில படுத்துட்டு ஃபேனப் பாக்கறது. அந்த ஃபேன் நின்னுட்டா நாமளும் நின்னுருவமோன்னு பயப்படறது. அது நல்லா இருந்துதுங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அது கவிதையே இல்லியே அம்மிணி. அது சும்மா எழுதுனது. பக்கம் ஒண்ணு காலியாக் கெடக்குதுன்னு பிரஸ்காரன் சொன்னான், அதுக்காகப் போட்டது."

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். ஒரு வாரம் என்னோடு அளவாகப் பேசினார். காலை வணக்கம் நின்றது. நூல் ஏஜென்ட் கவலைப்பட்டு, உடம்புக்கு ஏதும் இல்லையே என்று போன் செய்து விசாரித்தார். இனி ஒருவேளை ஃபேனைப் பற்றி எழுதினது மாதிரி இன்னொன்று எழுதுவாரோ என்று நானும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நோட்டையே எடுக்கவில்லை.

சில மாதம் கழித்து அமைப்பின் தலைவர் சால்வையும் பழத்தட்டுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுத்த விருதுக்கு இவரைப் புரவலராகப் போட ஆசை என்றார். மேடையில் நடு நாற்காலி, அழைப்பிதழில் படம். இவர் ஒரு நிமிடம் யோசிப்பதுபோல இருந்தார், அவ்வளவுதான். நான் உள்ளே போய்க் காபி கலந்தேன். அவர்கள் சிரிக்கிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. வாசகர்களின் ரசனை வளர வேண்டும் என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் லேபிள் அறைக்கு வந்து போனை நீட்டினார். இந்த வருஷத்து ஓட்டு ஆரம்பித்துவிட்டதாம்.

"இவருக்கு ஒண்ணு போட்டுடு அம்மிணி. நம்ம டையிங்காரரோட மச்சினன். நல்ல மனுசன்."

"புஸ்தகம் எங்கீங்க?" என்று கேட்டேன்.

"எந்தப் புஸ்தகம்?" என்றார்.

போனை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசலில் வந்து நின்ற ஆட்டோவிலிருந்து பட்டன் மூட்டை இறக்கப் போனேன்.